மகன் எழுத்துக் கூட்டவே கஷ்டப்படுகிறான்: திருகோணமலையில் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

பாலையூற்று அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 3. மகள் அடுத்த வருடம் தரம் 1. மகனுடைய விசயம்தான் யோசனையாக இருக்கிறது.

வாயால் கேட்டால் எல்லாம் சொல்லுவான். கடைக்குக் கூட்டிப்போனால் மிச்சக் காசை என்னை விடக் கெதியாகச் சொல்லுவான். புத்தகத்தைத் திறந்தால் ஆளே மாறிவிடுவான். 'கொடி' என்று இருந்தால் 'கெடி' என்பான், 'தோணி' 'தேணி' ஆகிவிடும். ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் பாதியில் மணி அடித்துவிடும். வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். 'வீட்டில் கவனிப்பு இல்லை' என்று ரீச்சர் கொப்பியில் எழுதி அனுப்பினார், பின் வாங்கில் இருத்தியிருக்கிறார். இப்ப வாசி என்றாலே தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போய்விடுகிறான்.

கணவர் கட்டாரில். 'தனியார் பள்ளிக்குப் போடு, காசு நான் பார்க்கிறேன்' என்கிறார். மாமியோ 'இவன்ர தகப்பனும் சின்னனில வாசிக்கமாட்டான், பிறகு தானா வந்தது' என்கிறார். பெயர் சொல்லி எந்தப் பள்ளி நல்லது என்று கேட்கவில்லை. போய்ப் பார்க்கும்போது எதை வைத்துத் தெரிந்துகொள்வது? மகளையும் அங்கேயே போடுவதா? ஆங்கில மூலம் என்றால் இன்னும் சிக்கலாகுமா?

நிலாவெளி ரோட் எழுதியது:

தனியார் பள்ளி என்றால் டை, சப்பாத்து, வருடக் கடைசியில் ஒரு கலைவிழா. அவ்வளவுதான். அந்தக் காசுக்கு நல்ல ஒரு ரியூசன் ரீச்சரை வீட்டுக்கே கூப்பிடலாம். என் அக்காவின் பிள்ளையை மாற்றி இரண்டு வருடத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதற்குள் பழைய இடமும் போய்விட்டது. யோசித்துச் செய்யுங்கோ.

உவர்மலைத் தாய் எழுதியது:

தங்கச்சி, உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் பெயரை மாற்றிவிட்டால் என் மகன்தான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் தேட முதல் கண்ணும் காதும் பாருங்கள். பொது வைத்தியசாலையிலேயே பார்க்கலாம். அவை இரண்டும் சரி என்றால்தான் அடுத்த பேச்சு. என் மகனுக்கு இரண்டும் சரியாக இருந்தன. குழந்தை வைத்தியர் ஒருவர்தான் 'டிஸ்லெக்ஸியா' என்ற பேரைச் சொன்னார். புத்திக் குறைவு இல்லை, சோம்பல் இல்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பதில் மூளைக்கு வரும் சிரமம் என்று விளங்கப்படுத்தினார். பரம்பரையாகவும் வருமாம். உங்கள் மாமி சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கலாம். 'தானா வந்தது' என்ற மற்றப் பாதியை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

சரி, பள்ளிக்கூடம். நான் ஏறி இறங்கியவற்றில் மூன்றைச் சொல்கிறேன். பேர் சொல்லமாட்டேன், ஊர் சின்னது.

முதல் இடத்தில் புதுக் கட்டடம், குளிரூட்டிய அலுவலக அறை, கண்ணாடிக் கதவு. கட்டண அட்டவணையைத்தான் முதலில் நீட்டினார்கள். 'தரம் 3இல் ஒரு பிள்ளைக்கு வாசிக்க ஏலாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டேன். 'இங்கே எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்' என்று சிரித்தார்கள். மகன் பக்கத்தில் நிற்கிறான். பிறகு, பின்னேரம் மேலதிக வகுப்பு இருக்கிறது, அதற்குக் கட்டணம் வேறு என்றார்கள். அந்த வகுப்பில் என்ன வித்தியாசமாகச் செய்வீர்கள் என்று கேட்டால், காலையில் படித்த பாடத்தையே திரும்பப் படிப்பிப்பார்களாம். ஒரு முறையில் விளங்காததை அதே முறையில் இன்னொரு தரம் சொல்வதற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

இரண்டாவது இடத்தில் போன உடனேயே சொல்வதெழுதல் தாள் கொடுத்தார்கள். மகன் பெயரை எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் சீனக்குடாப் பக்கம் பார்த்த ரயிலைக் கீறி வைத்திருந்தான். 'ஒரு வருடம் கீழே போடலாம்' என்றார்கள். வகுப்பை இறக்கினால் வயது வித்தியாசம் கூடும், வெட்கம் கூடும், எழுத்துச் சிக்கல் அப்படியே இருக்கும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது, பழைய வீடொன்றைப் பள்ளிக்கூடமாக மாற்றிய இடம். முற்றத்தில் வேப்பமரம், ஒரு பக்கம் தகரக் கூரை, மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ரீச்சர் சொல்வது கேட்காது. பார்த்தவுடன் என் கணவருக்குப் பிடிக்கவில்லை. அதிபர் அம்மா மகனிடம் புத்தகம் நீட்டவில்லை. என்ன பிடிக்கும் என்று கேட்டார். இவன் வள்ளத்து எஞ்சின் பற்றித் தொடங்கினான், அவர் தாளும் பென்சிலும் கொடுத்துக் கீறிக் காட்டச் சொன்னார். எண்ணெய் எங்கே போகிறது, விசிறி எதனால் சுற்றுகிறது என்று அவரே கேள்வி கேட்டார், உண்மையாகவே தெரியாதவர் போல. மகன் அவ்வளவு நேரம் ஒரு பெரியவரோடு கதைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு என்னிடம் சொன்னது இது: 'இதைப் படித்த ரீச்சர் எங்களிடம் ஒருவர்தான், அவரும் கிழமையில் சில நாள்தான் வருவார். வகுப்பு ரீச்சருக்கு அவர் சொல்லிக் கொடுப்பார். எங்களால் செய்யக்கூடியது இவ்வளவு, ஏலாதது இவ்வளவு.' ஏலாதது என்று ஒரு பள்ளிக்கூடம் தன் வாயால் சொன்னதை நான் வேறெங்கும் கேட்கவில்லை. அதற்காகத்தான் அங்கே போட்டேன்.

என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. முன் வாங்கில் இருத்தினார்கள். அவனாகக் கை தூக்கினால் ஒழிய வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்வதில்லை. சுற்றாடல் பாடத்தில் விடையை வாயால் சொல்ல விட்டு, சொன்னதற்குப் புள்ளி போட்டார்கள். கரும்பலகையில் இருப்பது முழுவதையும் எழுதத் தேவையில்லை, ரீச்சர் அச்சடித்த தாளைக் கொப்பியில் ஒட்டிவிடுவார்.

வாசிப்பைத் தொடக்கத்திலிருந்து, ஒலியிலிருந்து, திரும்பக் கட்டினார்கள். உங்கள் மகனின் 'கெடி' விசயம் இங்கேதான் வருகிறது. 'கொ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க். எழுதும்போது முதலில் வருவது கொம்பு (ெ), பிறகு க, பிறகு அரவு (ா). காது ஒரு ஒழுங்கில் கேட்கிறது, கண் இன்னொரு ஒழுங்கில் பார்க்கிறது. கடைசி அரவைக் கண் விட்டுவிட்டால் 'கெ' ஆகிவிடும். மற்றப் பிள்ளைகள் இதைத் தெரியாமலே தாண்டிவிடுவார்கள், இவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அந்த ரீச்சர் க-வைக் கறுப்பில் முதலில் எழுத வைப்பார். பிறகு முன்னுக்குச் சிவப்பில் கொம்பு, பின்னுக்குச் சிவப்பில் அரவு. மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். க, கா, கி என்று ஒரு எழுத்துக் குடும்பம் முழுக்கப் பிடிபட்ட பிறகுதான் அடுத்த குடும்பம். 247 எழுத்தையும் அட்டவணையாகச் சுவரில் ஒட்டிவிட்டு ஒப்பிக்கச் சொல்லவில்லை. வீட்டில் நானும் அதையே செய்தேன், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம், அவனுக்குக் களைப்பு வரும்வரை மட்டும்.

நீங்கள் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதை விட, பிள்ளைகளின் கொப்பிகளைக் காட்டச் சொல்லுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையின் கொப்பியைத்தான் எடுத்துத் தருவார்கள். 'மெதுவாக எழுதுகிற பிள்ளை ஒன்றின் கொப்பியும் பார்க்கலாமா, பெயரை மறைத்துக் காட்டினால் போதும்' என்று கேளுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை என்றால் அங்கே நிற்க வேண்டாம். அன்றைக்குப் படித்த ஒரு விசயத்தை மட்டும் திருத்தியிருந்தால் அந்த ரீச்சருக்கு வேலை தெரியும். இடைவேளை நேரத்தில் போங்கள், தனியே நிற்கும் பிள்ளையிடம் யாராவது போய்க் கதைக்கிறார்களா என்று தெரியும். மலசலகூடத்தையும் பாருங்கள். அதற்கும் டிஸ்லெக்ஸியாவுக்கும் சம்பந்தமில்லைத்தான், ஆனால் அதைக் கவனிக்காதவர்கள் வேறெதைக் கவனிப்பார்கள்?

எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். வருட நடுவில் வகுப்பு ரீச்சர் கலியாணம் முடித்து வெளிநாடு போனார். புதிதாக வந்தவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, முதல் நாளே மகனை எழுப்பி வாசிக்க வைத்தார். பிள்ளை அழுதுகொண்டு வந்தான். தனியார் பள்ளிகளில் ரீச்சர்மார் நிலைப்பது குறைவு, சம்பளம் அப்படி. எனவே, பிள்ளைக்கு என்ன செய்வதாகப் பேசினோமோ அதை எழுத்தில் வாங்கி, கோப்பில் போடச் சொல்லுங்கள். யார் வந்தாலும் அது இருக்கும்.

கட்டணத்தில் கவனமாக இருங்கள். அனுமதிக் கட்டணம் திரும்பி வராது. புத்தகம், சீருடை, பரீட்சைக் கட்டணம், 'அபிவிருத்தி நிதி' எல்லாம் தவணைக் கட்டணத்துக்கு வெளியே வரும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது கட்டணத்தை எவ்வளவு கூட்டினீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். கணவர் சீனக்குடா மா ஆலையில், அந்த வருடம் நாங்கள் நகை வைத்துத்தான் தவணை கட்டினோம். வருடம் முழுவதற்கும் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், தவணைக்குத் தவணை கட்டுகிறோம் என்று சொல்லுங்கள்.

மகன் இப்போது தரம் 7. இன்னும் மெதுவாகத்தான் வாசிப்பான். ன, ண, ந மூன்றும் இன்னும் அவனுக்கு ஒன்றுதான், சரி, ஊரில் பாதிப் பேருக்கும் அப்படித்தானே. பத்திரிகையில் கிரிக்கெட் பக்கத்தை ஒருவரும் சொல்லாமல் எடுத்து வாசிக்கிறான், எனக்கு அது போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம் எழுதியது:

பிள்ளை, உவர்மலைத் தாய் சொன்னதோடு சில விடயங்களைச் சேர்க்கிறேன்.

'தனியார் பள்ளி' என்று நம் ஊரில் இரண்டு வகையையும் சேர்த்துச் சொல்கிறோம். 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தனியாக நின்ற பாடசாலைகள் ஒரு வகை. அவை கல்வி அமைச்சின் மேற்பார்வையில் உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் நடப்பவை. 'சர்வதேசப் பாடசாலை' என்று பலகை போட்டவை பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தவை. ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. எந்த வகை, எந்தப் பாடத்திட்டம், கடைசியில் எந்தப் பரீட்சை என்று முதலே கேட்டு வைத்துக்கொள். லண்டன் பரீட்சை என்றால் கட்டணம் பவுணில் கணக்கு. இங்கே அரச பல்கலைக்கழகத்துக்குப் போக நினைத்தால் உள்ளூர் உயர்தரமும் அதன் இசட் புள்ளியும் (பாடங்களை ஒப்பிட்டுச் சமப்படுத்திப் போடும் புள்ளி) தான் வழி. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தூரத்துப் பேச்சுத்தான், என்றாலும் பாதியில் பாடத்திட்டம் மாற்றுவது இப்படியான பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

விடுகைப் பத்திரம் எடுப்பதற்கு முன் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு தடவை போ. விசேட கல்விக்குப் பொறுப்பானவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிள்ளையின் பெயரில் வைத்திய அறிக்கை ஒன்று கோப்பில் இருந்தால் பின்னாளில் அரச பரீட்சையில் மேலதிக நேரத்துக்கு விண்ணப்பிக்க உதவும். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்த அறிக்கை தேவை.

பின் வாங்கில் இருத்தியது பிழைதான். ஆனால் நாற்பது பிள்ளைகளோடு நானும் நின்றவன். டிஸ்லெக்ஸியா பற்றி எங்கள் காலத்துப் பயிற்சியில் பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. அந்த ரீச்சரிடம் வைத்திய அறிக்கையோடு ஒருமுறை கதைத்துப் பார், சில வேளை அதுவே போதுமாக இருக்கும்.

பாலையூற்று அம்மா எழுதியது:

அக்கா, சேர், இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. அந்தக் கொம்பு, அரவு விசயத்தை நேற்று இரவே சிவப்புப் பென்சிலால் செய்து பார்த்தேன். 'கொக்கு' என்று வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். போத்தலைத் தூக்கவில்லை.

ரீச்சரிடமும் கதைக்கிறேன் சேர். ஆங்கில மூலம் பற்றியும் மகள் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லையே? நான் பார்த்து வைத்திருக்கும் ஒரு இடம் முழுக்க ஆங்கிலம். கணவருக்கு அதுதான் விருப்பம். இன்னொரு இடம் நிலாவெளிப் பக்கம், வான் அனுப்புவார்களாம்.

உவர்மலைத் தாய் எழுதியது:

இரண்டு மொழி படிப்பதால் டிஸ்லெக்ஸியா வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் தமிழை விடக் கடினம். தமிழில் எழுத்தைப் பிடித்தால் ஒலி பெரும்பாலும் வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும். பள்ளிக்கூடத்தையும் மொழியையும் ஒரே வருடத்தில் மாற்றினால், பிறகு எதனால் பிள்ளை தடுமாறுகிறான் என்று உங்களுக்கே பிடிபடாது. ஆங்கிலம் பேசட்டும், பாட்டுப் படிக்கட்டும், கார்ட்டூன் பார்க்கட்டும். எழுத்து தமிழில் முதலில் நிற்கட்டும். கணவரிடம் இப்படியே சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். என்னவர் ஒத்துக்கொள்ளக் கொஞ்சக் காலம் எடுத்தது, அது வேறு கதை.

என் மூத்த மகளை அவளின் தம்பி இருக்கும் பள்ளிக்கு நான் மாற்றவில்லை. அவளுக்கு அரச பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள், நடனம், வலைப்பந்து என்று எல்லாம் சரியாக இருந்தது. தம்பிக்கு ஏதோ விசேடமாகச் செய்கிறோம் என்று அவளுக்கு ஒரு காலம் கோபம் இருந்தது உண்மைதான். அதற்காக இரண்டு பேருக்கும் ஒரே சட்டை தைக்க முடியாது. உங்கள் மகளுக்கு அரச பள்ளியில் தரம் 1 விண்ணப்பம் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டுத் தூரம், பழைய மாணவர், உடன்பிறந்தோர் என்று பிரித்துத்தான் எடுப்பார்கள், முடிவுத் தேதி போனால் போனதுதான். அண்ணனை எடுத்துவிட்டால் உடன்பிறந்தோர் பிரிவில் கேட்க முடியாமலும் போகலாம். விண்ணப்பம் போட முதல் அதிபரிடம் கேட்டுத் தெளிவு எடுங்கள்.

கிண்ணியா வாப்பா எழுதியது:

தங்கச்சி, வான் கதையை நான் சொல்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்க முதல் நாங்கள் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கிண்ணியாவிலிருந்து ரவுனுக்கு வருவோம். இப்ப பாலம் இருக்கிறது, அந்தத் தைரியத்தில் என்ட மகளை ரவுனில் போட்டேன். தூரம் பெரிதில்லை. ஆனால் வான்காரர் சந்துசந்தாகப் போய் மற்றப் பிள்ளைகளை ஏற்றுவார். முதலில் ஏறுகிற பிள்ளை விடியற்காலையிலேயே உடுத்து நிற்க வேண்டும். மாரி மழையில் இன்னும் மோசம். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் தலை சாய்ந்துவிடும். குர்ஆன் மதரஸாவுக்கும் போக வேண்டும். வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைக்குக் களைப்புத்தான் முதல் எதிரி, அக்கா இரவில் செய்தது போல ஒன்றும் செய்ய ஏலாமல் போகும்.

பாலையூற்றிலிருந்து நிலாவெளி என்றால், முதலில் ஏறுகிற பிள்ளையா கடைசியில் ஏறுகிற பிள்ளையா என்று வான்காரரிடமே கேளுங்கள். பள்ளிக்கூடம் சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். ஒரு நாள் காலையில் அந்த வானுக்குப் பின்னால் யாரையாவது மோட்டார் சைக்கிளில் போகச் சொன்னால் சரியான நேரம் தெரிந்துவிடும். நான் என்ட மச்சானை அனுப்பினேன், வான்காரருக்குத்தான் கொஞ்சம் கோபம்.

பாலையூற்று அம்மா எழுதியது:

நானா, நல்ல யோசனை, என் தம்பியை அனுப்புகிறேன். கண் கிளினிக்குக்குத் துண்டு எடுத்தாயிற்று. அந்த ஆங்கிலப் பள்ளியை இந்த வருடம் விட்டுவிடுகிறேன். நிலாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கு வியாழக்கிழமை இடைவேளை நேரம் பார்த்துப் போகப்போகிறேன். அக்கா, எழுத்தில் வாங்கச் சொன்னீர்களே, அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

உவர்மலைத் தாய் எழுதியது:

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். பிள்ளைக்கு எது நன்றாக வரும் என்பதை முதலில் எழுதுங்கள், மனக்கணக்கு, வாயால் விடை சொல்வது. பிறகு எது கஷ்டம், எங்கே இருத்த வேண்டும், கேட்காமல் சத்தமாக வாசிக்க வைக்கக் கூடாது, பரீட்சையில் கேள்வியை யார் வாசித்துக் காட்டுவார், கூடுதலாக எவ்வளவு நேரம், சொல்வதெழுதலில் எதற்குப் புள்ளி குறைப்பார்கள். வாசிப்பு ரீச்சர் எந்தெந்த நாள் வருவார் என்பதையும் போடுங்கள். ஒவ்வொரு தவணை முடிவிலும் இதை நீங்களும் வகுப்பு ரீச்சரும் சேர்ந்து பார்ப்பீர்கள் என்று கீழே எழுதி, அதிபரின் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். என்னிடம் இருப்பதைப் பெயர் இல்லாமல் தட்டச்சு செய்து இன்று பின்னேரம் இங்கேயே போட்டுவிடுகிறேன். வியாழக்கிழமைக்கு முன் உங்கள் மகனுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதி எடுத்துப் போங்கள். கையொப்பம் வைக்கத் தயங்கினால், அனுமதிக் கட்டணத்தை அன்றைக்குக் கட்டாமல் வந்துவிடுங்கள்.